5 கிராம் சுண்ணாம்பும் ஒரு டம்ளர் தண்ணீரும்: வீட்டில் தமால்

மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் மெக்சிகோ பண்டம் தமால். அதற்காகக் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். உருண்டை பிடிக்காது, பிடித்தாலும் விண்டுபோகும். பாக்கெட்டில் வெள்ளையாக வரும் கார்ன்ஃப்ளோர் வெறும் ஸ்டார்ச், அது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. மெக்சிகோக்காரர்கள் தமாலுக்கு எடுப்பது மாசா. சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்து, அதிலேயே ஊறி, தோல் கழன்ற மக்காச்சோளத்தை ஈரத்தோடு அரைத்தால் கிடைக்கும் மாவு அது. அப்படி வெந்து ஊறிய மணிக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டிலில் 'நெக்ஸ்த்லி' என்றால் சாம்பல்.

சுண்ணாம்பு மணியின் தோலைக் கரைக்கிறது, மாவுக்குப் பசை கொடுக்கிறது, மக்காச்சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினையும் உடம்பில் சேரும்படி விடுவிக்கிறது. இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் நம்பிச் சாப்பிட்ட வட இத்தாலிய ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

சுமார் 25 தமாலுக்கு அரை கிலோ காய்ந்த வெள்ளை மக்காச்சோளம் போதும். ஸ்வீட் கார்ன் வேண்டாம், பாப்கார்ன் மணியும் வேண்டாம். 5 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூளை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, கழுவிய மணியைப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். வெற்றிலைக்குத் தடவுவதும் இதே பொருள்தான். ஆனால் கடையில் விற்கும் பசையில் தண்ணீர் எவ்வளவு, நிறம் என்ன சேர்த்தது என்று தெரியாது. அதனால் உணவுத் தரத் தூளே நல்லது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். தண்ணீர் மஞ்சளாகும், மண்வாசனை போல ஒரு வாசம் கிளம்பும். ஒரு மணியை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்தால் நடுவில் சுண்ணக்கட்டி போல ஒரு வெள்ளைப் புள்ளி வேகாமல் நிற்க வேண்டும். அதுவும் வெந்துவிட்டால் மாவு சூயிங்கம் மாதிரி இழுக்கும், பிறகு எதைச் சேர்த்தாலும் சரியாகாது. அடுப்பை அணைத்து, மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் அந்த மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளங்கைகளால் கசக்கி மூன்று தண்ணீர் கழுவினால் தோல் மிதந்து போகும். தோர்த்தியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டிக்கு என்றால் கொஞ்சம் தோல் இருக்கலாம், அது மாவைப் பிடித்துக்கொள்ளும். தமாலுக்கு முழுக்கப் போக வேண்டும்.

அரைப்பது ரவைப் பதத்துக்கு, நைஸாக வேண்டாம். மிக்ஸியில் அரைப்பவர்கள் சுற்றவில்லையே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவதுதான் வழக்கமான தப்பு. கையளவு மணியாகப் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள். 900 கிராமுக்குக் கூடக்குறைய மாசா வரும். இவ்வளவுக்கு நேரம் இல்லையென்றால் மாசா ஹரினா என்ற காய்ந்த மாவு 450 கிராமில் 600 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, 20 நிமிடம் மூடி வைக்கலாம். தமால் வரும். வாசம் மட்டும் பாதிதான்.

அடுத்தது கொழுப்பு. தமால் லேசாக வருவதும் கல்லாக வருவதும் இங்கேதான் முடிவாகிறது. பன்றிக் கொழுப்பு 300 கிராம், அறை வெப்பத்தில், உருகாமல். உருகிய கொழுப்பில் காற்று நிற்காது. மாவைச் சேர்ப்பதற்கு முன்பே கொழுப்பைத் தனியாக அடியுங்கள்: பீட்டரில் 8 நிமிடம், கையால் என்றால் 20 நிமிடம், வெண்ணெய்க் க்ரீம் போல வெளுத்து உப்பும்வரை. பன்றிக் கொழுப்பு சாப்பிடாதவர்கள் வெண்ணெயோ இறுகிய தேங்காய் எண்ணெயோ எடுக்கலாம். ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து, மாசாவைக் கைப்பிடி கைப்பிடியாகவும், கோழி வேகவைத்த தண்ணீர் ஒன்றேகால் கப்பை மாற்றி மாற்றியும் விட்டு அடியுங்கள். அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டினால் கொழுப்பு உருகி, அதுவரை அடித்தது வீண். பேக்கிங் பவுடர் வருவதற்கு முன் தெக்கெஸ்கித்தே என்ற ஏரி உப்பையும் தோமாத்தில்லோ என்ற, பச்சைத் தக்காளி போன்ற காயின் காய்ந்த மேலுறையையும் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். இன்றும் அப்படிச் செய்யும் வீடுகள் உண்டு.

ஒரு டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, சுண்டைக்காய் அளவு மாவை அதில் போடுங்கள். மிதந்தால் சரி. அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் 5 நிமிடம் அடிக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். உப்பு நாக்குக்கு ஒரு துளி தூக்கலாகத் தெரிய வேண்டும், ஆவியில் அது அடங்கிவிடும்.

பூரணத்துக்கு எளிதானது சல்சா வெர்தே என்ற பச்சைச் சட்னியில் பிரட்டிய கோழி. அரை கிலோ தோமாத்தில்லோ, 4 பச்சை மிளகாய் இரண்டையும், தோமாத்தில்லோவின் பளிச்சென்ற பச்சை மங்கும்வரை மட்டும் வேகவையுங்கள். வெடித்தால் கசப்பு ஏறும். 2 பல் பூண்டு, கொத்தமல்லியோடு அரைத்து, கொழுப்பில் கெட்டியாகச் சுண்டவிட்டு, வேகவைத்துப் பிய்த்த கோழி அரை கிலோவைப் பிரட்டுங்கள். நீர்த்திருந்தால் மடிப்பு வழியே ஒழுகும்.

காய்ந்த மக்காச்சோள மடல்களைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம், மேலே தட்டு வைத்து அமுக்கி ஊறவிடுங்கள். மெக்சிகோவின் ஒஹாகா, யூகத்தான் மாநிலங்களில் வாழை இலையில் கட்டுகிறார்கள். அதைத் தீயில் வாட்டிவிட்டு மடிக்க வேண்டும், இல்லையென்றால் கிழியும். மடலின் வழவழப்பான பக்கத்தில் 60 கிராம் மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, குறுகிய நுனியில் 5 சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். நடுவில் ஒரு கரண்டி பூரணம், இரு பக்கமும் மூடி, நுனியை மடித்து, ஆவிப் பானையின் தட்டில் திறந்த வாய் மேலே பார்க்க நிறுத்துங்கள். நெருக்கி அடைக்க வேண்டாம், உப்ப இடம் வேண்டும்.

அந்தத் தட்டுக்குக் கீழே தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போடுவது மெக்சிகோ சமையலறைகளின் அருமையான வழக்கம். தண்ணீர் இருக்கும்வரை அது கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். ஆவி வந்த பிறகு 75 நிமிடம். இடையில் ஊற்றுவது கொதிக்கும் தண்ணீராக இருக்கட்டும், ஓரமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் ஆவி அறுந்து, பாதி வெந்தும் பாதி வேகாமலும் திட்டுத்திட்டாக நிற்கும். அதற்குப் பெயர் 'பிந்தோ'. சமைப்பவர் கோபமாக இருந்தால் இப்படி ஆகும் என்பார்கள். அதைத் தடுக்கப் பானையின் காதில் மடல் கீற்றைக் கட்டுவதும் உண்டு.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்து 5 நிமிடம் ஆறவிட்டுப் பிரியுங்கள். மடல் மாவை விட்டுச் சுத்தமாகக் கழன்றால் முடிந்தது. சூட்டோடு பிரித்தால் வெந்ததும் பச்சையாகத்தான் தெரியும், ஏமாந்து இன்னொரு அரை மணி நேரம் வைத்துவிடாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியபடி 20 நிமிடம் விட்டால் மாவு இறுகி வடிவம் பிடிக்கும்.

பிப்ரவரி 2, கந்தெலாரியா என்ற கிறிஸ்தவத் திருநாளில் மெக்சிகோவில் தமால் இல்லாத வீடு குறைவு. ஜனவரி 6 அன்று வெட்டும் ரொட்டியில் ஒளித்து வைத்த குழந்தைப் பொம்மை யாருக்கு அகப்பட்டதோ, தமால் அவர் செலவு. மிஞ்சியதை மறுநாள் மடலோடு தோசைக்கல்லில் போட்டு, மடல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். உள்ளே மாவு பொன்னிறமாக முறுகியிருக்கும். அன்றைக்குச் சுடச்சுடச் சாப்பிட்டதைவிட இதையே விரும்புகிறவர்கள் பலர்.