உறைந்த தடுப்பூசி பார்வைக்குத் தெரியாது

கொழும்பு வெயிலில் தடுப்பூசி என்றதும் எல்லோருக்கும் சூட்டைப் பற்றித்தான் பயம். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைகளில் தடுப்பூசியை +2 முதல் +8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும் என்ற கணக்கு மனப்பாடம். ஆனால் 8ஐத் தாண்டாமல் பார்க்கும் கவனத்தில் பாதிகூட 2க்குக் கீழே இறங்காமல் பார்ப்பதில் இருப்பதில்லை. பென்டவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), எச்.பி.வி. (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது), ஏ.டி.டி. (பெரியவர்களுக்கான ஏற்புவலி, தொண்டைக் கரப்பான் ஊசி) போன்ற தடுப்பூசிகளில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் அந்தத் துகள்கள் திரண்டுவிடும். உருகினாலும் பழைய நிலைக்கு வராது. குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று, அட்டையிலும் எழுதியாயிற்று, பாதுகாப்பு மட்டும் கிடைக்காமல் போகலாம். குப்பியில் உள்ள, சூடு பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். அடையாளமும் இதில் உதவாது. அது சூட்டை மட்டுமே காட்டும்.

உறைவது பெரும்பாலும் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கெரியரில், அதாவது குளிர்ப் பெட்டியில்தான். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே அடுக்கினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் குப்பி உறைந்துவிடும். பேக்கை மேசையில் வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள். அறையின் சூட்டையும் பேக்கின் அளவையும் பொறுத்து அது மாறும், ஆகவே கடிகாரத்தை விடக் காதை நம்புவது நல்லது. காலையில் பணிமனைக்கு வந்ததும் முதல் வேலை ஐஸ் பேக்கை வெளியே எடுப்பது என்று எழுதி ஒட்டுங்கள். பதிவேடு, பொதி எல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கு மாறினால் அவசரத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுப் பிரிட்ஜைப் பயன்படுத்தும் இடங்களில் ஃபிரீசர் தட்டை ஒட்டியும் கதவிலும் தடுப்பூசி வைக்கக் கூடாது. கீழ்த்தட்டில் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தால் கரண்ட் போனபின் குளிர் கொஞ்சம் தாங்கும். சாப்பாடும் வேண்டாம், வேறு மருந்துகளும் வேண்டாம்; மருந்து மாறிப்போகலாம். 2014இல் சிரியாவின் இத்லிபில் தட்டம்மைத் தடுப்பூசித் தூளைக் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்து கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தார்கள்.

வெப்பநிலையைக் காலையிலும் பின்னேரமும் குறிக்க வேண்டும். போயா விடுமுறைக்கும் ஒருவர் பொறுப்பு. மாதம் முழுக்க 4, 4, 4 என்று இருக்கும் தாள் நல்ல தாள் அல்ல. வெப்பமானியைப் பார்க்காமலே எழுதியது அப்படித்தான் இருக்கும்.

2022 மார்ச் இறுதியில் போல 13 மணி நேர மின்வெட்டு வந்தால் முதல் விதி, கதவைத் திறக்காதீர்கள். மேலே திறக்கும் ஐஸ் லைன்ட் பிரிட்ஜ் (சுவரில் பனிக்கட்டி உள்ள தடுப்பூசிப் பெட்டி) 20 மணி நேரமாவது தாங்கும் வகையில் செய்யப்பட்டது. வீட்டுப் பிரிட்ஜ் சில மணி நேரம்தான்.

உறைந்ததாகச் சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனை. அதே தயாரிப்பு, அதே தொகுதி இலக்கக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்க உறையவைத்து, 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதி, உருகவிடுங்கள். பிறகு அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வையுங்கள். சந்தேகக் குப்பியின் படிவு உறையவைத்ததன் வேகத்தில், அல்லது அதைவிட விரைவாக அடியில் இறங்கினால், அது கெட்டுவிட்டது. மெதுவாக இறங்கினால் பாவிக்கலாம். பனிக்கட்டியாகவே கண்ட குப்பிக்குச் சோதனை தேவையில்லை, நேரே ஒதுக்க வேண்டியதுதான். பி.சி.ஜி. (காசநோய்), எம்.எம்.ஆர். (தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா), போலியோ மருந்துகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

தூளாக வரும் எம்.எம்.ஆரில் கவனம் வேறு. கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதி, 6 மணி நேரத்திலோ கிளினிக் முடியும்போதோ, எது முந்தியதோ அப்போது எறிய வேண்டும். அதில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பநிலை 1க்கு இறங்கியதைக் கண்டு சொன்ன குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் விளக்கக் கடிதம் கேட்கும் பணிமனையில், அடுத்த முறை தாளில் 4 என்றுதான் எழுதப்படும். குப்பிகளைத் தனியே கட்டி, 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று ஒட்டி, பிரிட்ஜின் உள்ளேயே வைத்துவிட்டு வைத்திய அதிகாரிக்குத் தெரிவிப்பது உத்தியோகத்தருடைய வேலை. என்ன செய்வதென்று தீர்மானிப்பது வைத்திய அதிகாரியின் வேலை.