ரங்கூன் நாட்குறிப்பு: ஐந்தாம் மாடி

2025 ஜூன் 22, ஞாயிறு

வீடு பிடித்துவிட்டது. தொல்லையே அதுதான். பிடிக்காமல் போயிருந்தால், சித்தி சொல்வதுபோலத் தாம்வே வட்டாரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, அனவ்ரதா ரோட்டுக்கு மேல் பக்கம். 12½ அடி அகலம், 50 அடி நீளம். டவுனில் எத்தனையோ வீடுகள் இந்த அளவுதான். உள்ளே தடுப்பு கிடையாது, 'ஹால் டைப்' என்கிறார்கள். வாசலில் நின்றால் அடுப்படி ஜன்னல்வரை தெரிகிறது. அறை வேண்டுமென்றால் நாமே பலகை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். தெருப் பக்கம் பால்கனி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடலாம். எட்டிப் பார்த்தால் கோபுரத்தின் மேல்தட்டுப் பொம்மைகள் தெரிகின்றன.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை.

ராத்திரி மௌல்மீனில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். என்னோடு வந்து இருக்கப் போகிறவள் அவள்தான். வாடகை கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "எத்தனை படி?"

"எண்ணலம்மா."

எண்ணினேன். 74.

ஜூன் 24, செவ்வாய்

மழை. ஆபீஸில் காலையிலிருந்து உளுந்து விலைதான் பேச்சு. இந்தியாக்காரன் இந்த மாதம் வாங்குவானா, மாட்டானா. நடுவில் ரசீதுப் புத்தகத்தின் பின்அட்டையில் படிக்கட்டு வரைந்து வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

பகலில் பார்த்த வீட்டை ராத்திரியிலும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். வேலை விட்டதும் பைன்னவுங்கிலிருந்து சூலே பஸ் பிடித்தேன். நெரிசல், ஜன்னலைத் திறந்தால் மழை, மூடினால் மூச்சு முட்டல். தினமும் இந்த பஸ்ஸில் போய் வர வேண்டியவள் நான்தான் என்பதை இதுவரை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை, நான் உட்பட.

போய் இறங்கும்போது கரண்டு போயிற்று. 4 மணி நேரம் இருந்தால் 8 மணி நேரம் இல்லை. நடைபாதைக் கடைகள் முன்னால் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. புகை நேராக மேலே ஏறுகிறது. ஐந்தாம் மாடிவரை வருமா என்று நின்று பார்த்தேன். இரண்டாம் மாடியோடு கலைந்துவிடுகிறது. உயரத்துக்கு இது ஒரு லாபம், குறித்து வைக்கிறேன்.

மௌல்மீனில் மோட்டார் சைக்கிள் சத்தத்தில்தான் அம்மாவுக்குத் தூக்கமே வரும். இங்கே நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை.

மாடிப்படியில் விளக்கில்லை. போன் வெளிச்சத்தில் ஏறினேன். கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஓர் ஆள் நீளத்துக்குக் கழன்று போயிருக்கிறது. யாரோ நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். என் கனத்துக்குத் தாங்கியது.

தண்ணீர்க் கதை தனி. லோகா ஏரியிலிருந்து 1904லேயே குழாய் இழுத்த ஊர் இது. ஆனாலும் மேல் மாடிக்குத் தண்ணீர் தானாக ஏறாது, மோட்டார் போட வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். கரண்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நான்காம் மாடியில் ஒரு பாட்டி டார்ச் அடித்து, "யாருடா அது?" என்று தமிழில் கேட்டாள். பர்மியக்காரியாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? யோசித்துப் பார்க்காத கேள்வி.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். சித்திக்குக் கோபம். "வீடு பாக்குறியா, போலீஸ் வேலை பாக்குறியா?"

எதிர்ப் பக்க டீக்கடையில் உட்கார்ந்தேன். குட்டை ஸ்டூல், முட்டி காதைத் தொடுகிறது. அம்மாவால் இதிலும் உட்கார முடியாது. லபெயே (பால் டீ) ஒன்று, 'நான்' ரொட்டி ஒன்று.

ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் கயிறு தொங்குகிறது. கீழ் நுனியில் கிளிப் அல்லது பை, மேல் நுனியில் மணி. வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். கரண்டை நம்பாத காலிங் பெல். பேப்யோ விற்கும் பெண் தலையில் தட்டோடு வந்து தெருமுனையில் ஒரு குரல் கொடுத்தாள். மூன்றாம் மாடியிலிருந்து பை இறங்கியது. உள்ளே நோட்டு. வேகவைத்த பயறை அளந்து கட்டி வைத்து, மீதிச் சில்லறையைக் கிளிப்பில் மாட்டி, கயிற்றை இரண்டு தரம் சுண்டிவிட்டாள். பை ஏறும்போது இரண்டாம் மாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அங்கே பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே ஒரு கையால் விடுவித்தார். மேலே இருப்பவள் நன்றி சொல்லவில்லை, அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காம் மாடிப் பாட்டி மட்டும் பயறைத் திருப்பி அனுப்பினாள். வேகவில்லையாம். இரண்டாவது பொட்டலம் போயிற்று.

இன்னொரு லபெயே வாங்கி, ஐந்தாம் மாடிக்கு எத்தனை அடி கயிறு வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். வீடு இன்னும் பேசியே முடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா: "படி ஒவ்வொண்ணும் என்ன ஒசரம்?"

ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்காரர் பாயைப் பார்த்தோம். தாத்தா நாகூர்ப் பக்கமாம், தமிழ் தட்டில்லாமல் வருகிறது. ஆறு மாத வாடகை மொத்தமாக முன்னால். தரகர் அமாவுக்கு (அமா என்றால் பர்மியத்தில் அக்கா) ஒரு மாதம். இதெல்லாம் வழக்கம்தான்.

அவசரம் தரகர் அமாவுக்கு. 10ஆம் தேதி வாசோ பௌர்ணமி. அன்றிலிருந்து மூன்று மாதம் பர்மாக்காரர்கள் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். "அதற்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் ஆள் வராது." ஆள் வராது என்றால் அவசரப்பட வேண்டியது யார்? வாடகை இறங்கும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் 17ஆம் தேதி நமக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு மாறினால் அம்மா பட்டினி கிடப்பாள். புத்தருக்கு மூன்று மாதம், நமக்கு ஒரு மாதம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் என் ஆறு மாத வாடகை நிற்கிறது.

மேல் மாடி என்பதால்தான் இந்த வாடகை. ஒவ்வொரு மாடி இறங்கினாலும் விலை ஏறும். தரை வீடென்றால் கடைக்காரன் கொடுக்கும் வாடகை கேட்பார்கள்.

கிளம்பும்போது பாய் கேட்டார், "யாரெல்லாம் இருக்கப் போறீங்க?"

"நானும் அம்மாவும். 75 வயசு. முட்டி வலி."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "யோசிச்சுக்கம்மா. எங்க உம்மா அந்த மாடி ஏறுனது ஒரு தடவை. இறங்குனது ஒரு தடவை."

ஜூலை 5, சனி

தூக்கம் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சித்தியின் திருப்திக்குத் தாம்வே வீடு. தரை வீடு, ஒரே ஒரு வாசல்படி. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு ஒன்று, நேராக, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. போன மழையின் கோடா, அதற்கு முந்தியதா என்று கேட்டேன். "பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுறோம்" என்றார்கள். கோயில் இல்லை. பக்கத்தில் தெரிந்தவர்கள் என்றால் சித்தி மட்டும். அதுவே ஒரு காரணம், இங்கே எழுத வேண்டாம்.

ஜூலை 10, வியாழன். வாசோ பௌர்ணமி

லீவு. மழை விட்டு விட்டுப் பெய்தது. அந்த வட்டாரத்தையே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

26வது தெருவில் யூதர் கோயில், 1896இல் கட்டிய கட்டடம். இன்று ரங்கூன் யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனாலும் கதவின் நீலப் பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது. அங்கிருந்து சூலியா பள்ளிவாசல். கொஞ்சம் நடந்தால் சூலே பகோடா, சுற்றிலும் கார்கள். மக்காச்சோளம் வாங்கிப் புறாவுக்குப் போடுகிறார்கள். புறா முழுக்கத் தின்பதில்லை, மீதிக்குக் காகம் காத்திருக்கிறது. ஒரு காகம் என் குடைக்கம்பியில் உட்காரப் பார்த்தது.

மொகல் தெருவுக்குப் போனேன். போர்டில் ஷ்வே பொந்தா என்று இருக்கிறது. செட்டியார்கள் வரிசையாகக் கிட்டங்கி போட்டிருந்த தெரு. அம்மாவுக்குப் போன் செய்து, "அனவ்ரதா ரோட்டுல நிக்கிறேன்" என்றேன். "பிரேசர் தெருன்னு சொல்லு." பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். தெங்ஜி சந்தையை அவள் சூரத்தி பஜார் என்கிறாள். பஜாரின் எந்த வாசலில் மருந்து வேர்க் கடை, தாத்தாவின் ஜவுளிக்கடை எந்த வரிசையில், 1964 மார்ச்சில் நாட்டுடைமை என்று சர்க்கார் கடைக்குச் சீல் வைத்த அன்று தாத்தா சாவிக்கொத்தை எந்தப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், எல்லாம். பெரிய மாமா கப்பல் ஏறினார், இவர்கள் மௌல்மீனுக்கு ரயில் ஏறினார்கள். அம்மாவுக்கு அப்போது பதினாலு.

இத்தனை நாளாக இந்த இடத்தைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப வரியாம்மா?"

"படிக்கு நடுவுல உக்கார இடம் இருக்கா?"

ஜூலை 13, ஞாயிறு

இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஸ்டூல் போடலாம். நான்காம் மாடியில் சைக்கிளை நகர்த்தச் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாடிக்கு யார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள் என்ற கேள்வியும் உண்டு, ஏனென்றால் அங்கேயும் ஒன்று நிற்கிறது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காளி கோயிலில் கால் வைக்க இடமில்லை. 1871இலிருந்து நிற்கும் கோயில், நம் ஆட்கள் கட்டியது. பர்மியப் பெண்கள் கன்னத்தில் தனக்காப் பூச்சோடு, சீனக் கிழவர்கள் ஊதுபத்திக் கட்டோடு, எல்லோரும் வரிசையில். எலுமிச்சை மாலை வாங்கினேன், வழக்கத்தைவிட விலை. செருப்பு வைக்குமிடத்தில் கணுக்கால்வரை தண்ணீர், செருப்புகள் தாமாகவே இடம் மாறிக்கொண்டிருந்தன.

பிரசாதத்தை எடுத்துக்கொண்டு நான்காம் மாடிப் பாட்டி வீட்டுக்கு ஏறினேன். போக வேண்டும் என்று திட்டமில்லை. கால் போயிற்று. டார்ச் பாட்டி. கடைசியாக எப்போது கீழே இறங்கினாள் என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை, "கொரோனாவுக்கு முன்ன" என்றாள். ஆனால் தெருவில் அவளுக்குத் தெரியாதது இல்லை. எந்தக் கடையில் அரிசி கலப்படம், எந்த வீட்டில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனான், பாய் யாருக்கு எவ்வளவு வாடகை குறைத்தார். குறைத்தாராம்! எனக்குக் குறைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து பால்கனிக்குப் போய், மழையில் தெருமுனையில் நின்ற சைக்காக்காரனை (சைக்கிள் ரிக்‌ஷாக்காரனை) அதட்டிவிட்டு வந்தாள். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

"போரடிக்கலையா பாட்டி?"

"எதுக்கு அடிக்கணும்?" என்றாள். திருநீற்றைப் பூசிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து, "கோயிலுக்கு மட்டும் கயிறு விட முடியல" என்றாள்.

இதை அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வார்டு ஆபீஸ். குடும்பப் பட்டியலில் பெயர் மாற்ற மௌல்மீன் வார்டிலிருந்து கடிதம் வேண்டும். அது வரும்வரை அம்மா ஒரு ராத்திரி தங்கினாலும் விருந்தாளி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்ற தாய், என் வீட்டில், விருந்தாளி. போட்டோ நான்கு. நகல் எடுக்கப் போனால் கரண்டு இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

சண்டை. சித்தி போனைப் பிடுங்கி அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: ஐந்தாம் மாடி, கழன்ற கைப்பிடி, பாயின் உம்மா. உம்மா கதையை நான் சித்தியிடம் சொல்லியிருக்கவே கூடாது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, பேரம் பேசினாள். தாத்தா கடையில் துணி வாங்க வந்தவர்களை விட்டிருக்கமாட்டாள் போல.

"மாசத்துக்கு ஒரு தடவை என்னைக் கீழ இறக்கணும்."

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை."

"ஆடி வெள்ளி, தீபாவளி, தைப்பூசம் தனி. அது கணக்குல வராது."

"சரி."

"நாற்காலியில தூக்குனாலும் சரி. வெக்கப்பட மாட்டேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

ஆடியே ஆனாலும் பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள். முன்பணம் கொடுத்தாயிற்று. பாய் ஒவ்வொரு கட்டையும் இரண்டு தரம் எண்ணினார். பாட்டி சொன்னதை மெல்ல எடுத்துவிட்டேன்: யாருக்கோ குறைத்தீர்களாமே. சிரித்துக்கொண்டே மாதத்துக்கு முப்பதாயிரம் கியாட் குறைத்தார். தரகர் அமாவுக்கு முகம் சரியில்லை, அவர் கமிஷனும் குறைகிறதே.

ஆவணி பிறந்ததும் அழைத்து வருகிறேன். கயிறு வாங்கிவிட்டேன். நீளம் போதவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

தெங்ஜி சந்தைச் சுமைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். மூட்டைக்கு மாடிக் கணக்கில் ரேட் உண்டு. ஆளுக்கு ரேட் இல்லை. இருவரும் தங்களுக்குள் பேசி ஒரு தொகை சொன்னார்கள். இறக்குவதற்கு அதிகமாம், ஏற்றுவதைவிடக் கஷ்டம், முன்னால் போகிறவன் முழுக் கனத்தையும் தாங்க வேண்டும். நியாயம்தான். கைப்பிடி இல்லாத திருப்பத்தில் நாற்காலி திரும்புமா என்று ஒருவன் வந்து அளந்து பார்த்தான். கைகள் வைத்த நாற்காலி திரும்பாது, கையில்லாத நாற்காலியாக இருக்க வேண்டும். பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு அவன் கேட்டான், அம்மா எத்தனை கிலோ?

அதை அவளிடம் கேட்கும் வேலையைச் சித்தியிடம் விட்டிருக்கிறேன்.