இஞ்சிச் சாற்றில் பால் உறைந்தது, மூன்றாவது முறையில்

இஞ்சி டீ போடும்போது இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம்தான் பால் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் பால் திரிந்துவிடும் என்று அம்மா சொல்வார். சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இஞ்சியின் அந்தக் குணத்தை வைத்தே ஓர் இனிப்பு செய்கிறார்கள். குவாங்சோ நகரைச் சேர்ந்த ஷாவான் இதற்குப் பெயர்போன ஊர். சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றினால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். முட்டை, ஜெலட்டின், சோளமாவு எதுவும் கிடையாது. மூன்று வாரமாக இதைத்தான் செய்து பார்க்கிறேன்.

முதல் முறை 200 மி.லி. முழுக்கொழுப்புப் பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, முற்றிய இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு டேபிள்ஸ்பூன். பால் பொங்கியதுமே ஊற்றிவிட்டேன். கால் மணி நேரம் கழித்தும் வெறும் இஞ்சிப் பால்தான். அடுத்த முறை தெர்மாமீட்டர் வைத்து 70 டிகிரிக்கு ஆறவிட்டேன். ஆனால் சாறு முந்தைய நாள் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்தது. அரைகுறையாகக் கெட்டியானது, சாய்த்தால் வழிந்தது.

மூன்றாவது முறை அப்போதே பிழிந்த சாறு. அடியில் படிந்த வெள்ளை மண்டியைக் கலக்கிவிட்டு, அதே 70 டிகிரியில் பாலை ஒரே வீச்சில் ஊற்றி, பத்து நிமிடம் தொடவே இல்லை. மேலே ஸ்பூனை வைத்தேன், மூழ்காமல் நின்றது! இளநீர் வழுக்கை போல அவ்வளவு மென்மை.

இஞ்சியின் புளிப்பால் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. அதே சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றிப் பார்த்தேன். உறையவில்லை. புளிப்புதான் காரணம் என்றால் கொதித்த சாறும் உறையவைத்திருக்க வேண்டும். அம்மா சொன்னதற்கும் இதுவே விளக்கம். வேலை செய்வது இஞ்சியிலுள்ள புரதம் வெட்டும் நொதி. கொதித்தால் அது செத்துவிடும்.

பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அது கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டையின் மேல் காப்பா கேசீன் என்ற வகை மெல்லிய முடிபோல நீட்டிக்கொண்டு, மற்ற உருண்டைகளை நெருங்கவிடாமல் வைத்திருக்கிறது. நொதி அந்த முடியை வெட்டியதும் துண்டு தண்ணீரோடு போய்விடும். மொட்டையான உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு ஒட்டி வலையாகிவிடும். சீஸ் செய்யப் பாலில் சேர்க்கும் ரென்னட் என்ற உறைபொருளும் இதைத்தான் செய்கிறது, ஆனால் காப்பா கேசீனில் 105, 106ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே குறிபார்த்து வெட்டும். இஞ்சிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கேசீனைப் பல இடங்களில் வெட்டும்.

அதன் விளைவை மறுநாள் நாக்கிலேயே தெரிந்துகொண்டேன். ஃப்ரிட்ஜில் வைத்த கிண்ணத்தில் ஓரமெல்லாம் தண்ணீர் விட்டிருந்தது, உறைவு தளர்ந்திருந்தது, கடைசியில் தெளிவான கசப்பு. குளிரிலும் நொதி மெதுவாக வெட்டிக்கொண்டே இருக்கிறது. வலையே அறுந்து சிறு துண்டுகளாகும்போது, அவற்றில் சில கசக்கும். அன்னாசியைத் தயிரில் போட்டு வைத்தால் கசப்பதும் இதே கதைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, உறைந்த கிண்ணத்தை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தேன். மறுநாள் கசப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த வழுக்கை பதம் போய், இறுகித் தண்ணீர் விட்டு, இளம் பன்னீர் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பதம்தான் முக்கியம். அதனால் இப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு கிண்ணம், உறைந்த அரை மணி நேரத்துக்குள் காலி.