வெற்றிலை பாக்கு வாங்கிக்க வாங்க

28.09.2024, சனி

கொலுப் பெட்டிகள் வந்துவிட்டன. மூன்று டிரங்குப் பெட்டி, ஒரு கோணிப்பை. தம்பி கும்பகோணத்திலிருந்து டெம்போவில் ஏற்றிவிட்டிருக்கிறான். லிஃப்டுக்குள் நுழையவில்லை. வாட்ச்மேன் அண்ணனும் டிரைவரும் மாடிப்படி வழியாகத் தூக்கி வந்தார்கள். அம்மா கட்டிலில் படுத்தபடியே, சத்தத்தை வைத்தே சொன்னாள்: “பச்சைப் பெட்டிய சாய்க்காதீங்கப்பா, அதுலதான் தசாவதாரம் இருக்கு.”

மூன்று மாதத்தில் அவள் உரக்கப் பேசியது இதுதான் முதல் தடவை.

30.09, திங்கள்

அலுவலகத்துக்கு லீவு போட்டுப் பெட்டிகளைப் பிரித்தேன். ஒவ்வொரு பொம்மையும் அம்மாவின் கிழிந்த புடவைத் துண்டில். அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் சணல். மாம்பழக் கலர் புடவையைப் பார்த்ததும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது, அதைத்தான் கட்டியிருந்தாள். பண்ருட்டிப் பொம்மைகளில் வண்ணம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. செட்டியாரும் செட்டியார் அம்மாவும் நன்றாக இருக்கிறார்கள். 1992 மகாமகத்துக்கு வந்த பெரியம்மா வாங்கிக் கொடுத்த தலையாட்டி இன்னும் ஆடுகிறது. வாமனரின் குடை தனியாகக் கழன்று வந்தது, பசை போட்டு ஒட்டினேன்.

மரப்பாச்சியில் பெண் மட்டும்தான் கிடைத்தது.

மூன்று பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தேன். கோணிப்பையை உதறினேன். ஆண் இல்லை. பாட்டி கல்யாணத்துக்கு வந்த ஜோடி அது, செம்மரம். ஆண் பொம்மையின் தோளில் என் பல் தடம் இருக்கும். பல் முளைக்கிற சமயத்தில் அதைத்தான் கடித்துக்கொண்டே கிடப்பேனாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்தேன், பார்க்குக்கு.

01.10, செவ்வாய்

தம்பிக்கு மூன்று முறை போன் செய்தேன். பரண், பூஜையறை மாடம், அரிசி டிரம்முக்குப் பின்னால். இல்லை என்கிறான்.

02.10, புதன், மகாளய அமாவாசை

காலையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். தம்பி அங்கே மகாமகக் குளக்கரையில் கொடுத்தான்.

சாயங்காலம் படி கட்டினோம். அங்கே ஏழு படி. அப்பாவின் மேஜை, அரிசி டிரம், பெஞ்சு, பரண் பலகை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுக்கி, அவருடைய வேட்டியை மேலே விரித்து, சுருக்கம் தெரியாமல் குண்டூசி குத்தி முடிக்க இரவு பத்தாகிவிடும். இந்த ஹாலில் ஐந்துக்குத்தான் இடம். ஒற்றைப்படையாக இருந்தால் சரி என்றாள் அம்மா. சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு பெட்டி. முன்னால் பெஞ்சு, முக்காலிகள், கடைசியாக இன்னொரு பெட்டி. வேட்டியில் ஓர் ஓரம் மஞ்சள் பூத்திருந்தது. அந்த ஓரத்தைப் பின்பக்கம் திருப்பினேன்.

அமாவாசையன்றே ஒரு பொம்மையாவது வைத்துவிட வேண்டும். எதை வைப்பது என்று கேட்டேன். “இன்னிக்கு என்ன தேதி?” என்றாள். காந்தியை வைத்தேன்.

மரப்பாச்சி எங்கே என்று இன்னும் கேட்கவில்லை.

03.10, வியாழன்

கலசம் வைத்தாயிற்று. மேலே சாமிகள், அடுத்து தசாவதாரம், அதற்கடுத்து பெரியவர்கள், கல்யாண செட், கீழே செட்டியார் கடை. கடைக்கு முன்னால் குட்டிக் கிண்ணங்களில் நிஜ அரிசி, பருப்பு, உப்பு, வெல்லம். நாலு தடவை மாற்றி அடுக்கினேன். அம்மாவின் கட்டிலை வாசற்பக்கமாக இழுத்துப் போட்டதில் இரண்டு படி தெரிகிறதாம், போதும் என்கிறாள்.

பச்சைப்பயறு சுண்டல். ஒரு ஆழாக்கு வேகவைத்து, முக்கால்வாசி மிஞ்சிவிட்டது.

யாரும் வரவில்லை.

“யார் யாரக் கூப்பிட்ட?”

“குரூப்ல போட்டோ போட்டு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேம்மா.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். “அது நோட்டீஸ்டி” என்றாள்.

04.10, வெள்ளி

வெள்ளிக்கிழமை புட்டு. முதல் தடவையாக நானே செய்தேன். அரிசி மாவைச் சிவக்க வறுத்து, மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரைத் தெளித்துப் பிசிறி, துணியில் கட்டி ஆவியில் வைப்பது வரைக்கும் கஷ்டமில்லை. பாகில்தான் பயம். இளம்பாகு என்றால் புட்டு களியாகிவிடும். அம்மா கட்டிலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டேன்.

“இன்னும் ஆகல. சத்தம் வரல.”

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி. டங் என்றது.

“இறக்கு.”

உதிரி உதிரியாக வந்தது. தேங்காய், ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி. அவளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன், சந்தோஷத்தில்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். எதிர் ஃபிளாட் ஆன்ட்டி, அவர் பேத்தி.

கேழ்வரகு முளைத்திருக்கிறது.

05.10, சனி

வாக்கரில் பதினொரு அடி.

06.10, ஞாயிறு

பச்சைப் பெட்டியின் அடியில் அம்மாவின் நோட்டு. மத்தியானம் முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

1983 முதல் எழுதியிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு பக்கம். என்ன சுண்டல், யார் வந்தார்கள், யாருக்கு என்ன நிறத்தில் ரவிக்கைத் துண்டு, எந்தக் குழந்தை என்ன பாட்டுப் பாடியது. ‘தபால்காரர் சம்சாரத்துக்கு மொச்சை ஆகாது.’ ‘கோடி வீட்டுப் பெண்ணுக்குப் போன வருஷமும் பச்சைத் துண்டு கொடுத்துவிட்டேன், இந்த வருஷம் மறக்கக் கூடாது.’ ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, ‘கூப்பிடப் போனது: நான்’. சில வருஷம் ‘நான், பாப்பா’. பாப்பா நான்தான். பட்டுப்பாவாடை கட்டி, நாச்சியார்கோயில் பித்தளைச் சிமிழில் குங்குமம் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வீடு வீடாகப் போவேன். வாசலில் நின்று குங்குமம் கொடுத்து, “எங்க வீட்ல கொலு வச்சிருக்கோம், வெத்தல பாக்கு வாங்கிக்க வாங்க” என்று சொல்ல வேண்டியது என் வேலை. யார் வீட்டையும் தாண்டிப் போகக் கூடாது. சண்டை போட்ட வீட்டுக்கு முதலில் போவாள்.

2013-இல் அந்த வரி மாறியிருக்கிறது. ‘கூப்பிடப் போனது: எதிர் வீட்டுப் பெண்.’ 2014, அதேதான். 2015, அதேதான். சென்ற வருஷம் வரைக்கும்.

அப்பா போனது 2012 டிசம்பர்.

நான் ஒவ்வொரு வருஷமும் சரஸ்வதி பூஜைக்கு மட்டும் போய் இறங்குவேன். படி கட்டியிருக்கும், சுண்டல் இருக்கும், வீடு நிறையக் கூட்டம் இருக்கும். தாம்பூலத் தட்டைப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக் கொடுப்பார். அம்மா அடுக்களையில் இருப்பாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருஷம்.

இன்று என்ன சுண்டல் என்று எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை.

07.10, திங்கள்

சிமிழை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தளம், பன்னிரண்டு கதவு. இந்தக் கட்டடத்தில் ஆறு வருஷமாக இருக்கிறேன். அதில் ஏழு கதவை இன்றுதான் முதன்முதலாகத் தட்டினேன். முதல் கதவில் குரலே எழும்பவில்லை. நாலாவது கதவுக்கு வந்தபோது பாவாடை கட்டிய நாளில் சொன்ன அதே ராகம் தானாக வந்துவிட்டது.

காரை நிறுத்துவதில் எங்களோடு மனஸ்தாபம் உள்ள வீட்டுக்கு முதலில் போனேன்.

08.10, செவ்வாய்

ஒன்பது பேர்! வெள்ளைக் கொண்டைக்கடலை துளி மிச்சமில்லை. ஒரு குழந்தை செட்டியார் கடை வெல்லத்தைத் தின்றுவிட்டது. மறுபடி வைத்தேன்.

09.10, புதன்

இரவெல்லாம் அம்மாவுக்குக் கால்வலி. நேற்று அதிக நேரம் உட்கார்ந்திருந்ததால் இருக்கும். நான்தான் உட்கார வைத்தேன். தம்பி பேசினான். பத்திரம் 14-ஆம் தேதி, திங்கட்கிழமை. அம்மா கைரேகையா கையெழுத்தா என்று கேட்கிறான். கையெழுத்துதான் என்று கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்.

ஊறப் போட மறந்துவிட்டேன். கடலைப்பருப்புச் சுண்டல்.

10.10, வியாழன்

கேட்டுவிட்டாள். “மரப்பாச்சிய ஏன் வைக்கல?”

பெண்ணைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். இன்னொன்றைக் காணோம்மா, எல்லா இடத்திலும் தேடிவிட்டேன் என்றேன். துணியை விலக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மேல் படில வை.”

“ஒத்தையாவா?”

“ஏன், நான் ஒக்காந்திருக்கல?”

காந்தி அன்று கட்டியிருந்த கதர்த் துண்டை எடுத்துப் பாவாடையாகக் கட்டி, மேல் படியில், கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

11.10, வெள்ளி, சரஸ்வதி பூஜை

காந்தி மார்க்கெட்டில் பூ வாங்கக் காலை ஐந்துக்கே போனேன். வெற்றிலை கும்பகோணத்துக் கொழுந்து கிடைத்தது, அம்மா முகர்ந்து பார்த்துத்தான் ஒத்துக்கொண்டாள். புத்தகங்களோடு அவள் நோட்டையும் அடுக்கினேன். இதையும் வைக்கப் போகிறேன். நாளைக் காலை வரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

12.10, சனி, விஜயதசமி

நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

மூன்றாவது மாடிப் பெண், ஆறு மாதக் குழந்தையோடு வந்தாள். நான் தட்டை எடுத்தேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், “பெரியவங்க கையால வாங்கிக்கிறேன்க்கா.” அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முந்தானையை ஏந்திவிட்டாள்.

அம்மாவின் கை நடுங்கியது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், நீல ரவிக்கைத் துண்டு. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் சுண்டல் கட்டுவதற்கு உள்ளே போய்விட்டேன்.

பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் கொடுத்தாள். பதினான்கு பேர்.

இன்று காலை புனர்பூஜை முடிந்ததும் நோட்டைக் கேட்டாள். 2024 என்று போட்டு, கோணல்மாணலாக அவளே எழுதினாள். ‘கூப்பிடப் போனது: பாப்பா.’ எழுதிவிட்டு, “நீலம் எழுதிக்க, அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் வேற கலரு” என்றாள்.

இரவு ஆரத்தி எடுத்து, மரப்பாச்சியைப் படுக்க வைத்தேன்.

13.10, ஞாயிறு

வாக்கரில் வாசல் வரைக்கும் வந்தாள். கொலுவை முழுதாக இன்றுதான் பார்க்கிறாள். “ரெண்டாவது படி கோணல்” என்றாள்.

புடவைத் துண்டு போதவில்லை, என் பழைய சுங்குடியைக் கிழித்தேன். இரண்டு பெட்டி முடிந்தது. பச்சைப் பெட்டி பாக்கி. தசாவதாரத்தில் நாலு பேரைச் சுற்றிவிட்டேன். வாமனரின் குடையைக் காணோம். நேற்று இரவு வரைக்கும் இருந்தது.