குஞ்சம் வைத்த கொடி

பாஸ்டன் பக்கம் ஒரு கொடிப் பட்டறையில் வேலை எனக்கு. பள்ளி விளையாட்டு அணி, கடைத் திறப்பு என்று தினமும் பாலியெஸ்டரோடுதான் பாடு. ஒருநாள், ஏப்ரல் அணிவகுப்புக்குப் பெட்ஃபோர்ட் கொடியின் நகல் வேண்டும் என்று ஒருவர் வந்தார்.

அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் படையை எதிர்க்கக் கான்கார்டுக்குப் போன பெட்ஃபோர்ட் ஊர்ப்படையில், நத்தானியேல் பேஜ் என்பவர் பிடித்துப் போனதாகச் சொல்லப்படும் கொடி அது. மேகத்திலிருந்து கவசக் கை ஒன்று வாளோடு நீண்டிருக்கும். 'வெற்றி அல்லது வீரமரணம்' என்கிற மாதிரி லத்தீனில் ஒரு வாசகம். அளவு சுமார் 27க்கு 29 அங்குலம்தான். குதிரையில் போகிறவன் பிடிக்க அது போதும்.

சின்னதுதானே என்று தலையாட்டிவிட்டேன். புகைப்படத்தை வைத்து நிறம் பொருத்தி, சாட்டினில் அச்சடித்துக் காட்டினேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "அசலை ஒருதடவை பார்த்துவிடுங்களேன்" என்றார், மரியாதையாகத்தான்.

அசல் பெட்ஃபோர்ட் ஊர் நூலகத்தில் இருக்கிறது. நேராக நின்றபோது வெறும் சிவப்புப் பட்டு. ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தேன், துணிக்குள்ளிருந்து மாதுளையும் திராட்சையும் இலைகளும் எழுந்து வந்தன. டமாஸ்க் நெசவு. நம் புடவைக் கடையில் செல்ஃப் டிசைன் என்போமே, அதேதான். இத்தனை புடவை பார்த்த கண்ணுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நான் எடுத்துப்போன படத்தில் அது விழவே இல்லை.

அப்புறம் டமாஸ்க் பட்டு வாங்கி, கையாலேயே தீட்டினோம். ஒற்றைத் துணி, இரண்டு பக்கமும் ஓவியம். சாயம் கெட்டியானால் மடிப்பில் வெடிக்கும், தண்ணியானால் மறுபக்கம் ஊறும். மூன்று துண்டு வீணாயிற்று.

எந்த வயதுக் கொடியைச் செய்வது என்பதில்தான் ரொம்ப நாள் இழுத்தது. இப்போதைய வெளிறலையும் வெடிப்பையும் சேர்ப்பதா? அசலின் ஓரத்தில் ஒரு காலத்தில் வெள்ளிக் குஞ்சம் இருந்ததாம். சின்ன வயதில் ராணுவ நடன விருந்துக்குப் போக, தன் உடுப்பில் வைத்துத் தைக்க அதைப் பிரித்து எடுத்துக்கொண்டதாகப் பேஜ் குடும்பத்துப் பெண் ரூஹமா லேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

வாடிக்கையாளருக்கு 1775 தான் வேண்டும். சரி என்று குஞ்சம் வைத்தேன்.

அணிவகுப்பு முடிந்து போன் செய்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர் அவரை நிறுத்தி, "அசலில் குஞ்சமே கிடையாது, தப்பாகச் செய்திருக்கிறார்கள்" என்றாராம். எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் நூலகத்தில் பார்த்திருப்பார்.