உடைந்த வாளியில் மண் நிரப்பும் முன்

என் வீட்டின் பின்புறத்தில் இன்று 23 செடிகள் வளர்கின்றன. அவற்றில் ஒன்றுகூட விலை கொடுத்து வாங்கிய தொட்டியில் இல்லை. கைப்பிடி அறுந்த வாளி, மூடி தொலைந்த டப்பா, ஓரம் துருவேறிய தகர டின், பழைய மேசையிலிருந்து கழற்றிய இழுப்பறை என்று ஒவ்வொன்றும் குப்பைக்குப் போகவேண்டிய நேரத்தில் என் கைக்கு வந்தது. ஆனால் அப்படி வந்த எல்லாவற்றையும் நான் தோட்டத்துக்குள் விடுவதில்லை. ஒரு பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கும் முன் அது இதுவரை எதைச் சுமந்தது, எதைப் பூசிக்கொண்டது என்று விசாரித்தே ஆகவேண்டும் என்பதை ஒரு தவறின் மூலம்தான் கற்றுக்கொண்டேன்.

தோட்டம் போடத் தொடங்கிய முதல் ஆண்டில், வர்ணம் உரிந்துகொண்டிருந்த ஒரு பழைய ஜன்னல் சட்டத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதையே கீரைப் பாத்தியின் விளிம்பாக அமைத்தேன். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதும், அதைத் தேய்க்கும்போது எழும் தூள் மண்ணிலும் மூச்சிலும் கலந்து, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கீரையைப் பிடுங்கி எறிந்தேன். மேல்மண்ணையும் வாரி அப்புறப்படுத்தினேன். அன்று முதல், வயது தெரியாத வர்ணம் பூசிய மரத்தை உணவுச் செடிகளின் அருகே நான் கொண்டுபோவதே இல்லை.

மரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, சரக்குப் பெட்டிகளை அடுக்கி அனுப்பப் பயன்படும் பேலட் எனும் மரத்தட்டு. பிரித்தால் நல்ல பலகைகள் கிடைக்கும். செடிப்பெட்டியாகவும் அலமாரியாகவும் மாற்றலாம். நாடு விட்டு நாடு போகும் தட்டுகளில், பூச்சிகளும் நோய்களும் மரத்தோடு பயணிக்காமல் தடுக்கும் சர்வதேச விதிப்படி ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் எச்.டி. என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடங்கள் ஏற்றப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை இடப்பட்டது. அதை நான் தொடுவதில்லை. முத்திரை சரியாக இருந்தாலும், எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள பலகையை எடுக்காதீர்கள். அதன் மேல் எது கொட்டியிருக்கும் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, அடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் போதும். முக்கோணத்துக்குள் இருக்கும் எண் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்லும். 2, 4, 5 ஆகிய எண்கள் உள்ளவற்றை உணவுச் செடிகளுக்கு எடுத்துக்கொள்கிறேன். பி.வி.சி.யைக் குறிக்கும் 3, பாலிஸ்டைரீனைக் குறிக்கும் 6 ஆகியவற்றைத் தவிர்க்கிறேன். பூச்சிமருந்தோ இயந்திர எண்ணெயோ கரைப்பானோ இருந்த கலன் எந்த எண்ணைத் தாங்கியிருந்தாலும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், அதில் உண்ணும் செடியை வைக்கக் கூடாது.

இனி துளை. வாளித் தோட்டத்தில் வாடிப்போகும் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் போதாமல் வாடுவதில்லை, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வேர் அழுகித்தான் சாகின்றன என்பது என் அனுபவம். ஓர் அங்குலத்தில் பாதிக்கும் குறைவான துளைகள் நான்கைந்து போதும். பலரும் அடியில் சரளைக் கல்லையோ ஓட்டுத் துண்டுகளையோ கனமாகப் பரப்புகிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தேன். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருக்கும் நீர், அந்த மண் முழுதாக நனைந்து ஊறும்வரை, கீழேயுள்ள கல் அடுக்குக்குள் எளிதில் இறங்குவதில்லை. ஆகவே ஈரம் தேங்கும் பகுதி அடியில் இருப்பதற்குப் பதிலாக மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. வேர் பரவ வேண்டிய ஆழமும் வீணாகிறது. மண் ஒழுகாமலிருக்கத் துளையின் மேல் ஒரு துண்டு பழைய கொசுவலை வைத்தால் போதும்.

தகர டின்னில் ஆணியை உள்ளிருந்து வெளியே அடியுங்கள். அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் போய், நீர் தடையின்றி வடியும். வெயிலில் தகரம் வேகமாகச் சூடேறி வேரைச் சுட்டுவிடும் என்பதால், டின்னைச் சற்றே பெரிய ஒரு டப்பாவுக்குள் நிறுத்துகிறேன், அல்லது சணல் சாக்கு சுற்றிவிடுகிறேன். ஆழத்தையும் பாருங்கள்: கீரைக்கு 15 சென்டிமீட்டர் மண் போதும், தக்காளிக்கும் கத்தரிக்கும் 30 சென்டிமீட்டராவது வேண்டும்.

வெளியூர் போகும் நாள்களுக்காக நான் செய்து வைத்திருக்கும் திரிப்பாசன அமைப்பு, இந்தத் தோட்டத்திலேயே எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த கைவேலை. குடிநீர் புட்டியைக் குறுக்கே வெட்டி, மேற்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் பொருத்தி, கழுத்து வழியே ஒரு துணித்திரியை இறக்கவேண்டும். திரியின் ஒரு முனை மண்ணிலும் மறுமுனை நீரிலும் இருக்கும். மண் காயக் காய, திரி நீரை மேலே இழுத்துக் கொடுக்கும். முதலில் பருத்தித் துணியைத்தான் வைத்தேன். சில வாரங்களிலேயே அது மக்கிவிட்டது. பிறகு கிழிந்த பாலியஸ்டர் சட்டையின் கரையை வைத்தபோது நீண்ட நாள் உழைத்தது. நீர்ப்பகுதியில் வெளிச்சம் பட்டால் பாசி படரும் என்பதால் அதற்குக் கருந்துணி உறை போட்டிருக்கிறேன். ஏடிஸ் கொசுவின் முட்டை சுமார் 7 முதல் 10 நாள்களுக்குள் கொசுவாகிவிடும். எனவே புட்டியாக இருந்தாலும் தட்டாக இருந்தாலும், தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டி மாற்றியே தீரவேண்டும்.

மக்கிப் போவதற்காகப் பருத்தியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பழைய பருத்தி பனியனைப் பட்டையாகக் கிழித்து, தண்டுக்கும் ஊன்றுகோலுக்கும் இடையே எட்டு வடிவில் கட்டினால், தண்டு பருத்தாலும் அறுபடாது. பருவம் முடிந்ததும் கட்டோடு உரக்குழியில் போட்டுவிடலாம். செய்தித்தாளைச் சுருட்டிச் செய்யும் நாற்றுக் குவளையையும் அப்படியே மண்ணில் நடலாம். ஆனால் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காகித விளிம்பைக் கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வேரருகே உள்ள ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

பயன்படுத்திய பொருளுக்கும் ஓர் ஓய்வு நாள் உண்டு. குடிநீர் புட்டிகள் வெயில் பட்டுப் பட்டு இறுகி, ஒருநாள் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். அந்தச் செதில்களை மண்ணிலிருந்து பொறுக்கி முடிப்பது இயலாத காரியம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்கிறேன். நேற்று அழுத்தியபோது மூன்று புட்டிகளில் விரிசல் விட்டது. அவற்றிலிருந்த நாற்றுகளை இழுப்பறைத் தொட்டிக்கு மாற்றினேன். புட்டிகள் மறுசுழற்சிப் பையில் இருக்கின்றன, திரிகள் மட்டும் அலசிக் காயப்போடப்பட்டு அடுத்த புட்டிகளுக்காகக் கொடியில் தொங்குகின்றன.