ஒரு இழுப்பு, ஒரு தோட்டா

சத்தம் சரியில்லை. வழக்கமான 'டமால்' வரவேண்டிய இடத்தில் நமத்துப்போன பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. பழக்கதோஷத்தில் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடப் போனேன். பின்னால் நின்ற ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்!" என்று போட்ட கூச்சலில் விரல் அப்படியே நின்றது. துப்பாக்கியைக் காலிசெய்து, பேரலைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் பாதியில் முட்டியது. உள்ளே, தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு சிக்கிக்கொண்டிருந்தது. குண்டைத் தள்ளும் வெடிமருந்தான பவுடரே இல்லாத தோட்டா அது. பவுடரைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரின் உதை மட்டும் குண்டைப் பேரலுக்குள் தள்ளிவிட்டு ஓய்ந்துவிட்டது. அதன்மேல் இன்னொன்றைச் சுட்டிருந்தால் பேரல் வெடித்திருக்கும்.

அந்தத் தோட்டாவை யாரும் எனக்கு விற்கவில்லை. என் வீட்டு கராஜில் நானே செய்தது.

டல்லாஸ் புறநகரில் இருக்கிறேன். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளைத் தவிர, இங்கே அனுமதி இல்லை. அதனால் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்துதான் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கே போக ஆரம்பித்தேன். தோட்டாவைச் செய்து விற்கத்தான் ஃபெடரல் லைசென்ஸ் வேண்டும். சொந்த உபயோகத்துக்குத் தேவையில்லை. மாதம் ஆயிரம் தோட்டா தீர்கிறபோது எல்லோருக்கும் வருகிற ஆசை எனக்கும் வந்தது. சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து திரும்ப நிரப்பினால் என்ன?

முதலில் வாங்கியது சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ், கைப்பிடியை இழுத்துத் தோட்டா செய்கிற கருவி. ஒரு சமயத்தில் ஒரே வேலை. கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்குவது, பிரைமர் வைப்பது, வாயைக் கொஞ்சம் அகட்டுவது, பவுடர் போடுவது, குண்டை உட்காரவைப்பது, வாயை நெருக்கி முடிப்பது. ஒவ்வொரு வேலைக்கும் டை என்கிற அச்சை மாற்றவேண்டும். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருநூறு தோட்டா செய்துவிட்டு, ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தில் சுட்டுத் தீர்த்தேன்.

அப்புறம்தான் புரோகிரசிவ் பிரெஸ் பார்க்கப் போனேன். இதில் வட்டமான ஷெல் பிளேட்டில் நாலைந்து கூடுகள் ஒன்றாக நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா இடத்திலும் அந்தந்த வேலை நடந்து, இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். டில்லன் கம்பெனியின் 550-இல் நாலு ஸ்டேஷன், அதாவது வேலை நடக்கும் இடம். பிளேட்டை ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் நாமே திருப்பவேண்டும். டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோட் இரண்டிலும் ஐந்து ஸ்டேஷன், பிளேட் தானாகத் திரும்பும். லீ கம்பெனியில் இவற்றைவிட மலிவாகவும் கிடைக்கும். நான் ஐந்து ஸ்டேஷன், தானாகத் திரும்பும் வகையை எடுத்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அதில் வந்த கோளாறில் முக்கால்வாசி என் கைவண்ணம்.

ஐந்தாவது ஸ்டேஷன் எதற்கு என்றால், பவுடர் போட்ட அடுத்த இடத்தில் பவுடர் செக் டை மாட்டலாம். கூட்டில் பவுடர் இல்லையென்றாலும், இரட்டிப்பாக விழுந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கவேண்டுமா என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். என் கஞ்சத்தனத்துக்கு விலை பிறகு தெரிந்தது.

முதல் ஐந்நூறு வெண்ணெயாகப் போனது. பிறகு பிரைமர் சரியாக உட்காரவில்லை. விரலால் தடவினால் கூட்டின் அடிமட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பிரைமர் ஊட்டும் பகுதியில்தான் கோளாறு என்று அதை நாலு தடவை பிரித்து மாட்டினேன். பிறகு கைப்பிடியை ஓங்கி அழுத்தத் தொடங்கினேன். "ஏங்க, இந்நேரத்துக்கு ஆணி அடிக்கிறீங்களா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். பிரைமர் முரண்டு பிடிக்கும்போது கூட்டை வெளியே எடுத்து, சரிபண்ணி, திரும்பச் செருகுவேன். அப்படி ஒரு கூட்டைப் பவுடர் ஸ்டேஷனைத் தாண்டிய இடத்தில் செருகியிருக்கிறேன். அதுதான் அன்று பேரலில் மாட்டியது.

அதே டப்பாவில் இன்னும் முந்நூறு சொச்சம் தோட்டா இருந்தது. தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவுக்கு நான் போடுவது ஐந்து கிரெயினுக்கும் குறைவான பவுடர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு மூன்று குன்றிமணி எடை. பல கம்பெனிக் கூடுகள் கலந்து கிடக்கும்போது கூட்டின் எடையே அவ்வளவு வித்தியாசப்படும். ஆக, சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லட் புல்லரில் ஒவ்வொன்றாக மாட்டி, தரையில் தட்டித் தட்டிக் குண்டைப் பிரித்தேன். ஒன்றுக்கு மூன்று தட்டு. மூன்று ராத்திரி. இன்னொரு காலிக் கூடும் அகப்பட்டது.

பிறகுதான் ஆற அமர உட்கார்ந்து பார்த்தேன். பவுடரை அளந்து போடும் பாகம் இருபது தடவை போட்டதைத் தராசில் நிறுத்தேன், ஒழுங்காகவே வந்தது. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தேன். அதில் தெரிந்துவிட்டது. பிளேட் திரும்பி முடிகிற கடைசி நொடியில் 'டக்' என்று வெட்டி நிற்கிறது. தாளிக்கும்போது கடுகு துள்ளுகிற மாதிரி கூட்டிலிருந்து பவுடர் துள்ளி விழுகிறது. விழுந்த மணிகள் பிரைமரைத் தள்ளும் பின்னின் குழிக்குள் போய்ச் சேர்ந்து, பிரைமரைச் சரியாக உட்காரவிடாமல் செய்திருக்கின்றன. நான் ஓங்கி அழுத்தியதில் மேசை ஆடியது. மேசை ஆடியதில் இன்னும் பவுடர் சிந்தியது. கோளாறு பிளேட்டில், அது தெரிந்தது பிரைமரில். நான் குடைந்துகொண்டிருந்ததோ சரியாக இருந்த பாகத்தை!

பிளேட்டைத் திரும்பிய இடத்தில் பிடித்து நிறுத்த, அதற்கு அடியில் ஒரு சின்ன எஃகு உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்புக் குறைந்ததாக மாற்றினேன். பிளேட்டின் நடு போல்ட்டைப் பிளேட் பிடித்து நிற்கும்வரை முறுக்கி, சுமார் அரைக்கால் சுற்றுத் தளர்த்தி, லாக் ஸ்க்ரூவைப் போட்டேன். மேசையை எல் ஆங்கிள் வைத்துச் சுவரின் மரச்சட்டத்தோடு இறுக்கியதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது. ஐம்பது தோட்டாவுக்கு ஒருமுறை பின் குழியைப் பிரஷ்ஷால் துடைக்கிறேன்.

அப்போதும் சில பிரைமர்கள் அடம்பிடித்தன. அவை ராணுவத்துக்காகச் செய்த கூடுகள். பிரைமர் குழி விளிம்பை நசுக்கி அனுப்பியிருப்பார்கள். இப்போது பொறுக்கும்போதே தனியாகப் போட்டுவிடுகிறேன். .380 என்கிற வேறு வகைத் தோட்டாவின் கூடுகளும் அப்படித்தான், பார்வைக்கு ஒன்பது மில்லிமீட்டர் போலவே இருந்தாலும் இரண்டு மில்லிமீட்டர் குட்டை.

செக் டையையும் வாங்கிவிட்டேன். போதாததற்குப் பிரெஸ்ஸின் உள்பக்கம் ஒரு எல்இடி விளக்கு. குண்டை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். நடுவில் எங்கே சிக்கினாலும் பிளேட்டில் உள்ள ஐந்தையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து. மணிக்கு எண்ணூறு என்று பெட்டியில் போட்டிருந்தது. எனக்கு முந்நூறு தேறுகிறது.

காசு மிச்சமா என்று நண்பர்கள் கேட்பார்கள். பிரைமர், பவுடர், குண்டு எல்லாம் விற்கிற விலையில் ஒன்பது மில்லிமீட்டருக்குத் தோட்டாவுக்குச் சில சென்ட்தான் மிச்சம். பிரெஸ்ஸுக்குப் போட்ட காசு இன்னும் திரும்பவில்லை. பிரித்தெடுத்த அந்த முந்நூறு குண்டும் மூக்கு நசுங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார்கள். இன்னும் மனசு வரவில்லை.